மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் ஒருவருக்கொருவர் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னையின் பல தெருக்களில் இருந்து வரும் பெண்கள் நாங்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள், இப்போதுதான் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்தவர்கள் எல்லாரும் இதில் உண்டு. பதிவு, சந்தா, பதவி எதுவும் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறோம். மற்ற நாட்களில் ஒருவருக்கு ஒருவர் வேலை செய்து கொடுக்கிறோம். புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்களில் யாரும் டாக்டர் இல்லை. மருந்து, அளவு, ஆபரேஷன் பற்றி முடிவெடுப்பது நீங்களும் உங்கள் டாக்டரும்தான்.

வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு வெளி ஆள்?

வீட்டு மனிதர்களுக்கு உங்கள் மேல் பாசம் இருக்கிறது, கூடவே பயமும் இருக்கிறது. நீங்கள் அழுதால் அம்மா அழுவார். "ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று சொன்னால் வீட்டுக்காரர் மறுநாள் வேலைக்குப் போக மாட்டார். அதனால் பல பெண்கள் வீட்டில் சிரித்த முகத்தோடு இருந்துவிட்டு, குளிக்கும்போது தனியாக அழுகிறார்கள். ஏற்கெனவே இதைக் கடந்துவந்த ஒருத்தியிடம் அந்தக் கவனம் தேவையில்லை. நீங்கள் பாதி சொல்வதற்குள் மீதி அவளுக்குப் புரிந்துவிடும். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு நகம் கறுக்கிறதே, இது எல்லாருக்கும் ஆகுமா என்பதை அவளிடம் கேட்டால் தன் கையை நீட்டிக் காட்டுவாள்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண், தனக்கு மார்பகம் அகற்றப்பட்ட பிறகு, அதே ஆபரேஷன் ஆன மற்றப் பெண்களை மருத்துவமனைக்கே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கையை எப்படி அசைப்பது, உள்ளாடைக்குள் என்ன வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பல டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்தத் திட்டத்தை ஏற்று நடத்தியது. நம் ஊரிலும் பெண்கள் கூடிச் செய்த காரியம் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டி 1954-இல் தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் நிலையம்.

இப்படிக் கூடிப் பேசினால் ஆயுள் கூடுமா?

கூடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 1989-இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். நோய் பரவிய நிலையில் இருந்த 86 பெண்களில், வாராவாரம் குழுவாகக் கூடியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக அது சொன்னது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. 2001-இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே சோதித்தபோது ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்த பெண்களுக்கு வலியும் மனவேதனையும் குறைந்திருந்தன, முக்கியமாக ஆரம்பத்தில் அதிக வேதனையில் இருந்தவர்களுக்கு.

எனக்கு அந்த இரண்டாவது முடிவு போதும். சிகிச்சை நடக்கும் மாதங்களும் நம் வாழ்க்கைதானே, அவற்றை வலி குறைவாகக் கழிப்பது பெரிய விஷயம். கூட்டத்தால் கட்டி கரையும், மனதிடம் இருந்தால் கீமோ வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோய் திரும்பியவளிடம் "நீ தைரியமாக இல்லை, அதனால்தான்" என்று சொல்லும் கொடுமையும் அந்தப் பேச்சில் இருந்துதான் பிறக்கிறது.

துணை என்றால் என்ன செய்வீர்கள்? ஆறுதல் சொல்வீர்களா?

ஆறுதல் வார்த்தையை நாங்கள் குறைவாகத்தான் பயன்படுத்துகிறோம். "தைரியமாக இரு" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வேலையில் பங்கு.

தண்ணீர் லாரி வரும் நேரத்தில் உங்கள் குடத்தையும் சேர்த்துப் பிடிப்பது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளையைக் கூட்டி வருவது. கீமோ ஆன நாலு நாளைக்குச் சோறாக்கித் தருவது. காலையில் ஓபி சீட்டு வாங்க வரிசையில் நிற்பது. ரேஷன் கடைக்குப் போவது. மீன் விற்கும் அக்கா ஒருவர் சிகிச்சையில் இருந்தபோது, அவருடைய வாடிக்கை வீடுகள் கைவிட்டுப் போகாமல் இருக்க, இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லியே கூடை எடுத்துப் போனார். அந்த அக்காவுக்கு அதுதான் பெரிய மருந்தாக இருந்தது என்று அவரே சொல்வார்.

இன்னொரு முக்கியமான வேலை ஃபைல். பயாப்ஸி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைக்க நாங்கள் கூட உட்கார்ந்து உதவுகிறோம். முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், எத்தனையாவது கீமோ, எந்தத் தேதி, என்ன ஒவ்வாமை என்று எழுதிவைப்போம். நள்ளிரவில் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு ஓடும்போது அந்த ஒரு பக்கம் செய்யும் உதவிக்கு அளவே இல்லை. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் நாங்கள் கணக்கு வைப்பதில்லை. ஆனால் வாங்கியவள் தெம்பு வந்ததும் வேறொருத்திக்குச் செய்கிறாள். சிகிச்சை முழுக்க "நோயாளி" என்று உட்காரவைக்கப்பட்டவளுக்கு, இன்னொருத்திக்கு உபயோகமாக இருப்பது எவ்வளவு பலம் தருகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கீமோ நாளில் கூட வருபவர் என்னென்ன கவனிக்க வேண்டும்?

முந்தின நாளே ரத்தப் பரிசோதனை முடிந்ததா என்று பாருங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு ரத்தத்தில் குறைந்திருந்தால் அன்று ஊசி போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது தோல்வி இல்லை, பாதுகாப்புக்காகத்தான். ஒரு வாரம் தள்ளிப்போவது பலருக்கும் நடக்கிறது.

கையைத் தளர்த்தி வைக்கக்கூடிய முன்பக்கக் கொக்கி உடை, போர்வை, தண்ணீர், பிஸ்கட், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கவர் எடுத்துப் போங்கள். மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது, சில மருந்துகள் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். சிவப்பு மருந்து போட்டால் ஓரிரு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை. முதல் முறை யாரும் சொல்லாததால் பதறிப்போனவர்கள் எங்களில் நிறைய பேர்.

கீமோவுக்குப் பிறகு எந்த நாட்கள் கஷ்டம்?

ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாட்கள் குமட்டலும் அசதியும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு எடுப்பதைவிட, சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே எடுப்பதுதான் வேலை செய்யும். ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு மிகவும் இறங்கும் காலம். உடம்பு தெம்பாக இருப்பதுபோலத் தோன்றுவதால் கல்யாணம், திருவிழா, மார்க்கெட் என்று கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களில் நெரிசலைத் தவிர்ப்பது நல்லது. போயே ஆக வேண்டும் என்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பகலோ இரவோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். எதிர்ப்புசக்தி இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். வாங்க முடியாதவர்களுக்கு நாங்கள் தருகிறோம். ராத்திரியில் ஆட்டோவோடு வரக்கூடிய ஒருவரின் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள், 108-ஐயும் சேர்த்து.

என்னோடு சேர்ந்து வந்தவளுக்குக் கீமோ இல்லையாம், மாத்திரைதானாம். எனக்கு மட்டும் ஏன்?

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் இல்லை. கட்டியைப் பரிசோதிக்கும்போது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களுக்குக் கட்டுப்படுகிறதா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று மூன்றைப் பார்க்கிறார்கள். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்றால் டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரை உண்டு. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். ஹெர்-2 வகைக்குத் தனி ஊசி இருக்கிறது, வழக்கமாக ஒரு வருடம். மூன்றுமே இல்லாத வகைக்கு முக்கிய ஆயுதம் கீமோதான். கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டிக்குப் பரவியதா என்பதும் சேரும். அதனால் பக்கத்துப் பெண்ணின் சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் கூட்டத்தில் "எத்தனையாவது ஸ்டேஜ்?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம்.

முடி கொட்டியே தீருமா?

மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கீமோ மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொட்டும். முதல் கீமோ ஆகி இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக்கொத்தாக வரும். தலையணையில் பார்த்து நொறுங்குவதைவிட, முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது எளிது என்பது எங்கள் அனுபவம். எங்களில் சிலர் திருத்தணிக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தார்கள். ஊருக்குக் காரணம் சொல்லவும் வசதியாக இருந்தது, மனதுக்கும் நிறைவாக இருந்தது. கீமோ தொடங்கிய பிறகு சவரம் செய்தால் பிளேடு கீறல் படாமல் மெஷினில் எடுங்கள். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப வளரும், சிலருக்குச் சுருட்டையாக வரும். மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படிக் கொட்டாது.

மீன் சாப்பிடலாமா? என்ன சாப்பிடக் கூடாது?

காசிமேட்டுப் பக்கம் பிறந்த பெண்ணிடம் மீனை நிறுத்து என்று சொல்லி வீட்டில் பட்டினி போடுகிறார்கள், இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். நன்றாக வெந்த மீன் நல்ல புரதம். முட்டை, பருப்பு, கோழி எல்லாம் சாப்பிடலாம். உடம்பு புண் ஆறவும் ரத்த அணு ஏறவும் சாப்பாடு வேண்டும். பழைய மீன், தெருவோரம் வெட்டிவைத்த பழம், திறந்து வைத்த சட்னி, காய்ச்சாத தண்ணீர் இவற்றைத் தவிர்த்தால் போதும். லாரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

வாயில் இரும்புச் சுவை அடித்தால் எலுமிச்சை, புளிப்பு மாங்காய் உதவும், வாயில் புண் இல்லாத வரை. புண் வந்துவிட்டால் காரம், கருவாடு, சூடு எல்லாம் எரியும். ஆறிய அரிசிக் கஞ்சி, மோர் சாதம், குழைத்த பருப்பு சாதம் இறங்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை உப்பும் சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு ஒரு நாளைக்கு நாலைந்து முறை வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள்.

நாட்டு மருந்து சாப்பிட்டுக் குணமானவர் இருக்கிறாராமே?

நாட்டு மருந்து, பொடி, கஷாயம், லேகியம் எதை எடுத்தாலும் உங்கள் டாக்டரிடம் பெயரோடு சொல்லுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும், ஈரலைப் பாதிக்கும். கீமோவை நிறுத்திவிட்டு அதற்குப் போனவர்கள் கட்டி பெரிதான பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களைத் திட்டாமல் மறுபடி ஓபிக்குக் கூட்டிப் போனோம். எங்கள் கூட்டத்தில் யாரும் மருந்து விற்கக் கூடாது, சிபாரிசும் செய்யக் கூடாது. இந்த விதியை மட்டும் கறாராக வைத்திருக்கிறோம்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்குகிறது. குடம் தூக்கலாமா?

அக்குளில் உள்ள நெறிகட்டிகளை எடுக்கும்போது கையில் இருந்து நிணநீர் வடிகிற வழி குறைகிறது. நீர் தேங்கினால் கை வீங்கும். ஆபரேஷன் ஆன சில மாதத்திலும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். நம் பகுதிப் பெண்களுக்கு இது பெரிய பிரச்சினை, ஏனென்றால் நம் வேலை எல்லாம் கையில்தான் இருக்கிறது. பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. அடி பம்பு, துணி துவைப்பது, மீன் கூடை, இட்லி மாவு ஆட்டுவது.

ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் கனம் தூக்கவே கூடாது. தண்ணீர் பிடிக்க எங்களைக் கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிவிடும். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, தலை சீவுவது, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவதை நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யுங்கள். மொட்டைமாடியில் நாங்கள் சேர்ந்தே செய்கிறோம். பிறகு கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

மீன் அரியும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் கையில் முள் குத்தினாலோ அருவாமனை கீறினாலோ, சோப்பு போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாக வீங்கினால், காய்ச்சலும் இருந்தால், அன்றே டாக்டரைப் பாருங்கள். தடித்த ரப்பர் கையுறை போட்டு வேலை செய்வது பழகிவிட்டால் கஷ்டமில்லை. ஊசி, ரத்தம் எடுப்பது, பிபி பார்ப்பது எல்லாம் முடிந்தவரை மற்றக் கையில் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து வளையலும் ஜாக்கெட் கையும் இறுக்கமாக இருக்க வேண்டாம்.

இன்னொன்று, ஆபரேஷன் ஆனதும், காயத்தில் சேரும் நீரை வடிக்கும் டியூப் பையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே அலைவார்கள். ஒரு சின்னத் துணிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் கை இரண்டும் சும்மா இருக்கும். எங்களில் தையல் தெரிந்தவர் பழைய புடவையில் தைத்துத் தருகிறார். தினமும் எவ்வளவு நீர் வந்தது என்று எழுதி வையுங்கள், டியூபை எப்போது எடுப்பது என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.

கரண்ட் வைக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம் அல்லது ஐந்து வாரம் நடக்கும். வைக்கும்போது வலி தெரியாது. உடம்பில் போட்ட மார்க்கைத் தேய்த்து அழிக்காதீர்கள். அந்த இடத்தில் பவுடர், மஞ்சள், எண்ணெய் பூச வேண்டாம். தோல் கறுக்கும், பிறகு தெளியும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தளர்ந்த பருத்தி உடைதான் சரி. தினமும் போய் வருவதுதான் இதில் பெரிய பாரம், அதற்காக ஆள் மாற்றி ஆள் கூட வருகிறோம்.

இது ஒட்டிக்கொள்ளுமா? பக்கத்து வீட்டில் தட்டைத் தனியாக வைக்கிறார்கள்.

ஒட்டாது. கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளைக்கு ஊட்டலாம். கீமோ ஆன முதல் இரண்டு நாள் மட்டும் மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறுவதால், கழிப்பறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுங்கள், அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். வரிசை வீடுகளில் பொதுக் கழிப்பறை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரண்ட் வெளியில் இருந்து வைப்பதால் உடம்பில் எதுவும் தங்காது, குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைக்கலாம்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். வெளியே தெரிந்தால்?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பரம்பரை மரபணுக் காரணமாக வருகிறது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. இளம் வயதில் வந்தவர்கள், குடும்பத்தில் பலருக்கு மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள் மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அது மகளின் நன்மைக்கானது.

யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. எங்கள் கூட்டத்தில் பேசியது வெளியே போகாது. தெருவில் பார்த்தால் "எப்படி இருக்கீங்க அக்கா" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவோம். போட்டோ எடுப்பதில்லை. முழுக்க மறைத்துவைத்துத் தனியாகச் சுமப்பவர்களின் நிலை மிகவும் கடினமாக இருக்கிறது என்பதால், ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மார்பு போன பிறகு கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. கணவர் பக்கத்திலும் போக முடியவில்லை.

இதற்கு அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. சிலர் முதல் வாரத்திலேயே தழும்பைப் பார்க்கிறார்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். கூட்டத்தில், அறைக் கதவைச் சாத்திவிட்டு, கேட்கிறவர்களுக்கு நாங்கள் எங்கள் தழும்பைக் காட்டியிருக்கிறோம். ஆறிய தழும்பு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்த பிறகு பலருக்குப் பாதி பயம் போகிறது.

புண் ஆறும் வரை மெல்லிய பஞ்சு வைத்த துணி உறை உள்ளாடைக்குள் வைக்கலாம். ஆறிய பிறகு சிலிகானில் செய்த செயற்கை மார்பகம் கிடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் தோள் சாய்ந்து முதுகு வலிக்கும், அதனால் அழகுக்கு மட்டும் அல்ல, உடம்புக்கும் இது தேவை. வேண்டாம் என்று அப்படியே இருப்பவர்களும் எங்களில் உண்டு, அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கணவர்கள் பலர் தொட்டால் வலிக்குமோ என்று பயந்து விலகுகிறார்கள், மனைவி அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். வலிக்கிற இடம் எது, வலிக்காத இடம் எது என்று நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கீமோ, டமாக்சிஃபென் காலத்தில் கர்ப்பம் கூடாது. கருத்தடை மாத்திரையும் கூடாது, ஆணுறை அல்லது காப்பர் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை இனிமேல்தான் வேண்டும் என்பவர்கள் கீமோ தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆண்கள் வரலாமா?

மாத முடிவில் கணவர்கள், மகன்கள் தனியாகச் சந்திக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்று ஆண்களுக்கே வருகிறது. அப்படி ஓர் அண்ணன் வந்தால் எங்களோடு உட்காரலாம்.

பணத்துக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் வருகின்றன. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். செலவு செய்த பிறகு கேட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் ஒப்புதல் வாங்குங்கள். விவரத்துக்கு 1800 425 3993 இலவச எண். சான்றிதழ் வாங்க அலைவது நோயாளியால் முடியாது, அந்த வேலையை எங்களிடம் விடுங்கள்.

கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் கவனியுங்கள். புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்ப் பயன் உண்டு, சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. இரண்டு வருடமாவது தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். இது தெரியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

போக்குவரத்துக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளை அணு குறைந்த நாட்களில் விம்கோ நகரில் இருந்து சென்ட்ரல் வழியாக விமான நிலையம் போகும் மெட்ரோ நெரிசல் குறைந்தது, லிஃப்டும் உண்டு. ஜி.எச். போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கலாம், அடையாறு போகிறவர்கள் சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

நோய் பரவிவிட்டது என்கிறார்கள். நானும் வரலாமா, மற்றவர்கள் பயப்படுவார்களா?

வாருங்கள். பரவிய நிலையிலும் வருடக்கணக்கில் சிகிச்சையோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கலக்கம் வரலாம் என்பது உண்மை, அதனால் விருப்பம் உள்ளவர்கள் தனியாகவும் சந்திக்கிறார்கள். வலி நிவாரண சிகிச்சை என்பது கைவிடுவது இல்லை, சிகிச்சையோடு சேர்த்தே அதைக் கேட்டு வாங்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் அந்தச் சிகிச்சை தருகிறார்கள்.

கூட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டால்?

நடந்திருக்கிறது. மறைப்பதில்லை. அடுத்த சந்திப்பில் முதலில் அதைத்தான் சொல்வோம். எல்லாரும் எழவு வீட்டுக்குப் போக முடியாது, கீமோவில் இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டம் ஆபத்து. இரண்டு மூன்று பேர் எல்லார் சார்பிலும் போவோம். பிறகு சில வாரங்களுக்குச் சிலர் வரமாட்டார்கள். "அடுத்தது நானா" என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும், அதைச் சொல்லிக்கொள்ள இடம் இருப்பதே நல்லது. இறந்தவரின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தால், அந்த வேலையை நிறுத்துவதில்லை.

பேசியும் மனம் தாங்கவில்லை என்றால்?

தூக்கம் போய், சாப்பாடு வெறுத்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால் அது எங்கள் கைக்கு மீறியது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், இலவசம். 104-ஐயும் அழைக்கலாம். நாங்கள் கூடவே இருந்து மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவோம். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் புற்றுநோய் டாக்டரிடமும் அதன் பெயரைச் சொல்லுங்கள், சில மாத்திரைகள் டமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கும்.

எனக்குப் பேச வராது. சும்மா உட்காரலாமா?

தாராளமாக. மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனவர் இருக்கிறார்.

எங்கள் தெருவில் நாங்களே தொடங்கலாமா?

மூன்று பேர் போதும். ஓபியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுவதில் இருந்தே ஆரம்பியுங்கள். பணம் வசூலிக்காதீர்கள், வசூலித்தால் சண்டை வரும். ஒருவரே எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள், அவர் சீக்கிரம் சோர்ந்துவிடுவார். போனில் குழு வைத்தால் கேள்விப்பட்ட மருத்துவச் செய்திகளை அனுப்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு மதம், வேறு சாதிப் பெண்கள் வரும்போது கூட்டம் நடக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், கோயில் மண்டபமாகவே இருந்தால் சிலர் வரத் தயங்குவார்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. இனியும் வர வேண்டுமா?

கட்டாயம் இல்லை. சிலருக்கு இதை மறந்தால்தான் நிம்மதி, அவர்களை நாங்கள் தேடிப் போய்த் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். முதல் சில வருடங்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). ஹார்மோன் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, மூட்டு வலிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், குறைக்க வழி இருக்கிறது. செக்கப்புக்கு முந்தின வாரம் பயம் திரும்ப வரும், அப்போது போன் செய்தால் போதும்.

வர விரும்புகிறவர்களுக்கு: வார நாட்களில் காலையில் ஓபிக்குக் கூட வரக்கூடியவர்கள் எங்களுக்குக் குறைவாக இருக்கிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் இன்னும் குறைவு. கையில் தெம்பு வந்துவிட்டது, அரை நாள் ஒதுக்க முடியும் என்றால் அந்த வேலையில் இருந்து தொடங்குங்கள்.